கொசுவலையை வெட்டிக் கொசு செய்தவள்

தம்பி,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய நினைவஞ்சலி நோட்டீஸைப் பார்த்தேன். முதலில் கண்ணாடி போடாமல் பார்த்தேன். படம் மட்டும் தெரிந்தது, நன்றாக இருந்தது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தைப் படித்தேன். ‘அன்பின் சிகரமே, அமைதியின் வடிவமே, பொறுமையின் பூமாதேவியே’ என்று மூன்று வரி. வந்த எரிச்சலில் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன சார், பிரஷர் மாத்திரை போடலையா” என்று கேட்டார். யாருடைய அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறது தம்பி இது? அச்சகத்தில் தயாராக வைத்திருக்கும் வரிகளுக்கு மேலே பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நீயும் “ஓகேவாப்பா, ஃபைனல் பண்ணிரவா” என்று கேட்கிறாய். உன் அம்மா பாண்டியம்மாளோடு நாற்பத்தொரு வருஷம் குடித்தனம் செய்தவன் நான். அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்த வீட்டில் அமைதி என்ற ஒன்றை நான் பார்த்ததே இந்த ஒரு வருஷமாகத்தான்.

இதைப் போனில் சொன்னால் நீ ‘சரிப்பா, சரிப்பா’ என்று சொல்லிக்கொண்டே வேறு ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பாய். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். உன் சித்தப்பாமார் படித்தாலும் சரி, சொந்தக்காரர்கள் குரூப்பில் நீயே போட்டாலும் சரி, எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கு எழுபது வயது நடக்கிறது. மறப்பதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி ஒருவன் சொல்ல வேண்டும்.

உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று பெண் பார்க்கப் போன அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கொட்டாம்பட்டியிலிருந்து உள்ளே போகிற மண்பாதையில் அவளுடைய ஊர். நானும் என் அம்மாவும் தரகரும் கடலைக்காட்டு வரப்பில் நடந்து போனோம். காட்டுக்கு நடுவே ஒரு பெரிய மனிதர் நின்றுகொண்டிருந்தார். தொப்பை, ஒரு தோள் கொஞ்சம் ஏறி, முதுகுக்குப் பின்னால் குடை. தரகர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, “கும்பிடுறேண்ணே, சௌக்கியமா” என்றார். பதில் இல்லை. இரண்டாவது தடவையும் கும்பிட்டார். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் சோளக்கொல்லை பொம்மை. அவளுடைய பெரியப்பாவை அச்சு அசலாக வைக்கோலில் நிறுத்தியிருந்தாள். வீட்டில் காப்பி கொடுக்கும்போது அவளுடைய அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “எம் மக செஞ்ச வேல. அதுலருந்து எங்கண்ணன் எங்க வீட்டுப் பக்கமே வர்றதில்ல” என்றார். என் அம்மா சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறிவிட்டது. திரும்பி வரும்போது, “இந்தப் புள்ளதான்டா வேணும்” என்று சொல்லிவிட்டாள். என்னை யாரும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்திய பெண், கையில் என்ன கிடைத்தாலும் அதை இன்னொன்றாக்கிவிடுகிற பெண், அரசாங்க ஆபீஸில் பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு போகிற என்னிடம் வந்து சேர்ந்தாள்.

கல்யாணமாகி முதல் மழைக்காலம். கே.கே. நகரில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஆபீசுக்குக் கிளம்பும்போது தூறல். என் பச்சை ரெயின்கோட்டைத் தேடினால் ஆணியில் இல்லை. கீழே வீட்டுக்காரர் மகளுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டியாம். அந்தப் பிள்ளை தவளையாகி முற்றத்தில் குதித்துக்கொண்டிருந்தது. முதுகில் என் கோட்டின் காலர் அப்படியே இருந்தது. நான் மேலே வந்து கத்தினேன். உன் அம்மா நிதானமாக, “ஏங்க, அந்தக் கோட்டு மழைக்குத்தான ஆகும். தவளைக்கு வேற என்னத்தப் போட?” என்றாள். தொப்பலாக நனைந்து ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். தவளைக்கு முதல் பரிசு. அன்றிலிருந்து அந்தத் தெருவில் எந்த வீட்டில் பள்ளி ஆண்டு விழா என்றாலும் நம் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எனக்கு இந்த வீட்டில் எது என் பொருள் என்கிற நிச்சயம் அன்றோடு போனது.

உன் கதையை நீ மறந்திருக்க மாட்டாய். இரண்டாம் வகுப்பு. மற்ற பிள்ளைகள் எல்லாம் அட்டைக் கிரீடம் வைத்து ராஜாவாகப் போகிறார்கள், எனக்கும் கிரீடம் வேண்டும் என்று நீ தரையில் புரண்டாய். அவள் உன்னைக் கொசுவாக்கினாள். சைக்கிள் டியூபில் உறிஞ்சுகுழல், குடைக்கம்பியில் ஆறு கால். இறக்கைக்கு நம் கட்டிலில் கட்டியிருந்த கொசுவலை. பழசு இல்லை தம்பி, அன்றுவரை மூன்று பேரும் அதற்குள்தான் படுத்துக்கொண்டிருந்தோம். மேடையில் நீ பேச ஒரே ஒரு வரிதான் எழுதிக் கொடுத்தாள். “பயப்படாதீங்க, நான் உங்க ரத்த சொந்தம்.” நீ அழுதுகொண்டே மேடை ஏறினாய், மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதைச் சொன்னாய். பந்தலே குலுங்கியது. பிறகு உன்னை மேடையிலிருந்து இறக்க இரண்டு வாத்தியார் வேண்டியிருந்தது. நானும் கைதட்டினேன், ஆனால் எனக்கு மனசுக்குள் கோபம்தான். அந்த மாதம் முழுக்கக் கொசு நம்மைப் பிடுங்கித் தின்றது. கேட்டதற்கு, “உங்களுக்குத்தான் ரத்த சொந்தம் ஜாஸ்தியாச்சே” என்று என் தம்பிகளைச் சாடையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தத் தம்பிகளை வளர்த்தவளும் அவள்தான். உன் சித்தப்பா இரண்டு பேரும் கல்லூரி படிக்கும்போது நம் வீட்டில்தான் இருந்தார்கள். அவர்களுக்குப் பெண் தேடியது, கல்யாணம் முடித்தது, பிறகு அந்தப் பெண்கள் சண்டை போட்டு வந்தால் உட்கார வைத்தது எல்லாம் அவள்தான். அவளுடைய வைத்தியம் ஒன்றுதான். யார் அழுதுகொண்டு வந்தாலும் துணியின் ஒரு முனையைக் கையில் கொடுத்து, “இத இழுத்துப் புடி, நான் வெட்டிக்கிறேன். நீ பாட்டுக்குச் சொல்லு” என்பாள். உன் சின்னச் சித்தி ஒரு தடவை பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாள், இனி அந்த மனிதனோடு வாழமாட்டேன் என்று. அன்றைக்குச் சித்தி கையில் கிடைத்தது ஒரு மயில் வேஷத்துத் தோகை. சாயந்திரம்வரை அதற்குப் பொட்டுப் பொட்டாகக் கண் தைத்தாள். எழுபது கண்ணோ எண்பது கண்ணோ. முடிந்தபோது அழுகையும் முடிந்திருந்தது. என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சித்தப்பாவைக் கூப்பிட்டு என்ன சொன்னாள் என்பதும் தெரியாது. அவன் ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டான். உன் அம்மா செத்த அன்றைக்கு நம் தெருவில் வண்டி நிறுத்த இடம் இல்லை என்று நீயே பார்த்தாய். அத்தனை பேரும் எப்போதோ ஒரு நாள் அவளுக்குத் துணி பிடித்தவர்கள்.

அதே சமயம் அவளோடு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். சாப்பிடும் சோற்றில் நூல் வரும். காலில் குண்டூசி ஏறாத வாரம் கிடையாது. குழம்பு அடுப்பில் கிடக்கும்போது ஒரு யோசனை வந்துவிட்டால் அந்தக் குழம்பு போச்சு. நான் ரிட்டயர் ஆன அன்று மேடையில் வரிசையாக வந்து பொன்னாடை போர்த்தினார்கள். நான் நன்றி சொல்ல மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உன் அம்மா கழுத்தை நீட்டி என் தோளில் கிடந்த சரிகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கீழே இறங்கியதும் காதோடு, “அந்தப் பச்சைய யாருக்கும் கொடுத்துராதீக” என்றாள். பதினைந்து நாளில் என் முப்பத்தைந்து வருஷ சர்வீஸின் மரியாதை எல்லாம் ஒரு கிளிக் கூட்டமாகி, ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து மேடையில் பறந்தது. பொறுமையின் பூமாதேவி என்று எழுதியிருக்கிறாய். அது நான் தம்பி.

அப்படித்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று சொல்கிறேன். இது உனக்குத் தெரியாது. உன் சித்தப்பாக்களுக்கும் தெரியாது.

நீ நாலாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் காலையில் என் ஆபீசுக்கு ஒரு டீச்சரம்மா வந்தார். வெள்ளைச் சேலை, தோளில் துணிப்பை. வாசலிலேயே நின்று, “பாண்டியம்மாளோட வீட்டுக்காரர் இங்க யாரு” என்று கேட்டார். என்னை அதுவரை யாரும் அப்படித் தேடி வந்ததில்லை. பக்கத்து மேஜைக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். டீச்சரம்மா பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிறவர். ஊர் ஊராகப் போய்ப் போடுவார்களாம். உன் பள்ளி ஆண்டு விழாவில் உன் அம்மா செய்தவற்றைப் பார்த்திருக்கிறார். “உடுப்பு, முகமூடி எல்லாம் அவங்க பொறுப்புல விட்டுர்றேன் சார். வாரத்துல ரெண்டு நாள் வந்தாப் போதும். மே மாசம் மட்டும் வெளியூர் போகணும், தஞ்சாவூர், மெட்ராஸ்னு. வீட்டுக்குப் போய்க் கேக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்டக் கேட்டுக்கிடலாம்னு வந்தேன்” என்றார். மரியாதைக்காக என்னிடம் முதலில் கேட்டார். நான் அவருக்குக் காப்பி வரவழைத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. “அவளுக்கு அதுல இஷ்டம் இல்லைங்க” என்றேன். டீச்சரம்மா காலி டம்ளரை மேஜையில் வைத்தார். பிறகு, “அப்பிடியா சார், சரி” என்று எழுந்து போனார். சாயந்திரம் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா ஏதோ அட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். “ஆபீஸ்ல என்ன விசேஷம்” என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ சின்னப் பிள்ளை, சின்னச் சித்தப்பா கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம், ஊர் ஊராகப் பெண்பிள்ளையை அனுப்பினால் நாலு பேர் என்ன சொல்வார்கள். எல்லாம் சரிதான், எதுவும் உண்மை இல்லை. உண்மை என்னவென்றால் அந்தப் பக்கத்து மேஜைக்காரனின் சிரிப்புத்தான். பாண்டியம்மாளின் வீட்டுக்காரனாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. என் ரெயின்கோட்டையும் கொசுவலையையும் வெட்டும் பெண்டாட்டி இருக்கிறாள் என்று ஆபீஸில் சொல்லிச் சிரிக்க வைப்பது எனக்குப் பிடிக்கும். அவளைத் தேடி ஒருவர் வருவது பிடிக்கவில்லை.

ஆறு வருஷம் ஓடியது. தல்லாகுளத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்து நிற்கும்போது அந்த டீச்சரம்மா உன் அம்மாவை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன், ஓடவும் முடியவில்லை. “நம்ம நாடகத்துக்கு நீங்க வந்துருக்கலாம்மா. சார்கிட்டக் கேட்டேனே, ஒத்து வராதுன்னுட்டாரு” என்றார். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை, “ஆமா டீச்சர், அப்பக் கொஞ்சம் சோலி அதிகம்” என்று சொல்லிவிட்டாள். பேச்சை மாற்றிப் பிள்ளைகள், வீடு என்று விசாரித்தாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஸ்கூட்டரில் வீடு வந்து சேர்ந்தோம். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். இரண்டு நாள் சமைத்தாள், பரிமாறினாள், உன் யூனிபாரத்துக்குப் பட்டன் வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள். “சனிக்கிழமை டீச்சரம்மா பள்ளிக்கொடத்துக்குப் போறேன். இனி எல்லாச் சனி ஞாயிறும் போவேன். நீங்கதான் கொண்டுபோய் விடணும், மூட்டையும் நீங்கதான் தூக்கணும்.” நான் என்னமோ சொல்ல வாயெடுத்தேன். “நான் கேக்கலைங்க. சொல்றேன்” என்றாள்.

பதினோரு வருஷம் தூக்கினேன். அம்மா நாடகத்துக்குப் போவது உனக்குத் தெரியும், மூட்டை தூக்குகிறவன் நான் என்பது தெரியாது. சனிக்கிழமை அப்பா எங்கே போகிறார் என்று நீ கேட்டதற்கு ‘ரேஷன் கடை’ என்று சொன்னதெல்லாம் பொய். நீ விடுதிக்குப் படிக்கப் போன பிறகு அந்தப் பொய்யும் தேவைப்படவில்லை. ஒரு தடவை காளவாசல் சிக்னலில் யானையின் தும்பிக்கையைத் தோளில் சுற்றிக்கொண்டு நின்றேன். போலீஸ்காரர் கிட்டே வந்து, “என்ன சார் இது, லைசென்ஸ் இருக்கா” என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த உன் அம்மா, “வண்டிக்கா, யானைக்கா” என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். எனக்குத்தான் மானம் போனது. ஆனால் அந்த வருஷங்களில் அவள் போட்ட சாப்பாட்டில் நூல் கிடந்தால் நான் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்திருந்தேன்.

கீழக்குயில்குடியில் போட்ட நாடகத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. சமணமலை அடிவாரம், தாமரைக் குளத்துப் பக்கம், சாயந்திர வெயில். கதை சின்னதுதான். கல் உடைக்க ஆட்கள் வருகிறார்கள், மலை எழுந்து நடந்து போய்விடுகிறது. மலையை எப்படி மேடைக்குக் கொண்டுவருவது என்று டீச்சரம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது உன் அம்மா ஊரெல்லாம் ஓட்டைக் குடை கேட்டு வாங்கினாள். வெளுத்த கருப்பு, சாம்பல், பழுப்பு என்று நூறு குடைத்துணியை இணைத்துத் தைத்தாள். உள்ளே எட்டுப் பிள்ளைகள் குனிந்து உட்கார்ந்தால் பாறை. அன்றைக்கு அது மேடையின் ஓரத்தில் சும்மா கிடந்தது. பின்னால் நிஜ மலை. இது மலை என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏதோ தார்ப்பாய் என்றுதான் நானே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். உளிச் சத்தம் கேட்டதும் அது மெதுவாக மூச்சு விட்டது. பிறகு ஒரு பக்கம் சரிந்து, முட்டியை ஊன்றி எழுகிற கிழவன்போல் எழுந்து நின்றது. கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். அது திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குடைத்துணியில் கண் கிடையாது தம்பி. ஆனால் பார்த்தது. என் முன்னால் உட்கார்ந்திருந்த ஆடு மேய்க்கிற பெரியவர், “நெசமாவே கால் இருந்தா இந்நேரம் போயிருக்கும்” என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஆறு வருஷத்தை நான் என்ன செய்துவிட்டேன் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். மூட்டை கட்டும்போது, “துணி ரொம்பக் கனம், அடுத்த தடவை ஆட்டோ வைக்கணும்” என்று சொன்னேன். அதுதான் நான் சொன்னது. டீச்சரம்மா காலமாகி அந்தக் குழு கலையும்வரை ஒரு வார்த்தை நான் அவளைப் பாராட்டிச் சொல்லவில்லை. தெரிந்தும் சொல்லாத மனுஷனை என்னவென்று சொல்வது. நீயே ஒரு பெயர் வைத்துக்கொள்.

கடைசி நாலு மாதம் உனக்கு ஓரளவு தெரியும். மருந்து ஏற்றி ஏற்றி அவளுக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது. ஊசியைப் பிடிப்பாள், நூல் கோக்க வராது. ஆஸ்பத்திரியில் அவளிருந்த வார்டில் முடி கொட்டிய பெண்கள் எல்லாரும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று அவர்களுக்குத் தொப்பி தைக்க ஆரம்பித்தாள். சும்மா தொப்பி தைப்பாளா. ஒருத்திக்குச் சேவல் கொண்டை. ஒருத்திக்குப் பலாப்பழத்து முள். பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு அம்மாவுக்குக் கவிழ்த்த குத்துப்போணி. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது வார்டே ஒரு மார்க்கெட் மாதிரி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. எனக்குக் காலையில் ஒரே வேலைதான். முப்பது ஊசிக்கு முப்பது நிறத்தில் நூல் கோத்துத் தலையணையில் வரிசையாகக் குத்தி வைக்க வேண்டும். அதற்கும் திட்டு. “இம்புட்டு நீளம் விட்டாச் சிக்கு விழுகாதா. இத்தன வருசமாப் பாத்துக்கிட்டுத்தான இருந்தீக, என்னத்தப் பாத்தீக” என்பாள்.

ஒரு நாள் மத்தியானம் தொப்பியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். “ஏங்க, அன்னைக்கு டீச்சரம்மா ஆபீசுக்கு வந்தப்ப அவங்ககிட்ட என்ன சொன்னீக?”

“இப்ப எதுக்கு அது?”

“கேக்கணும்னு தோணுது. வார்த்தை மாறாமச் சொல்லுங்க.”

“அவளுக்கு அதுல இஷ்டம் இல்லன்னு சொன்னேன்.”

“நான் அனுப்பமாட்டேன்னு சொல்லலியா?”

“இல்ல.”

“வீட்டுல சோலி கெடக்குன்னு?”

“அதும் சொல்லல.”

அவள் நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள். “நான் இத்தன நாளா நீங்க அனுப்பமாட்டேன்னு சொல்லிருப்பீகன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது உங்க புத்தி, அப்பிடின்னு விட்டுட்டேன். எனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிருக்கீக. எனக்கு என்ன இஷ்டம்னு எனக்குல்ல தெரியும். அத நீங்க எப்பிடிச் சொல்லலாம்?”

“தப்புத்தான்” என்றேன். அதை அவளிடம் நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவள் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. “ம்” என்றாள். பிறகு வெறும் ஊசியை என்னிடம் நீட்டி, “மஞ்ச நூலு” என்றாள். அதற்கு மூன்றாவது வாரம் போய்விட்டாள்.

அந்த நோட்டீஸை நான் அச்சகத்துக்குப் போன் செய்து நிறுத்திவிட்டேன். படமும் பெயரும் ஊரும் போதும், வேறு ஒரு வரி வேண்டாம் என்று சொல்லியாயிற்று. நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அது சின்ன விஷயம். இவ்வளவு தூரம் உட்கார்ந்து எழுத வைத்தது அது இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நான் உன் மனைவி சுபாவிடம் ஒன்று கேட்டேன். காரியத்துக்கு வந்திருந்தபோது அவள் என்னிடம் சொல்லியிருந்தாள், பூனாவில் யாரோ பிள்ளைகள் புத்தகம் போடுகிறவர்கள் ஒரு முழுப் புத்தகத்துக்குப் படம் வரைந்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்று. அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன், நீ பார்த்தாயா தெரியவில்லை. “அது என்னம்மா ஆச்சு” என்றுதான் கேட்டேன். அவள் வாயைத் திறந்தாள். நீ பக்கத்திலிருந்து போனை உன் பக்கம் திருப்பி, “அவளுக்கு அதுல பெருசா இஷ்டமில்லப்பா. வேலைக்கும் வீட்டுக்குமே சரியா இருக்கு” என்றாய். உன் தோளுக்குப் பின்னால் அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். நீ அடுத்து என் பிரஷர் மாத்திரையைப் பற்றி விசாரித்தாய்.

நான் அன்றைக்கு ஆபீஸில் சொன்னபோது நீ அங்கே இல்லை. யாரும் உனக்குச் சொன்னதும் இல்லை. பிறகு அந்த வாக்கியம் எப்படித் தம்பி உன் வாயில் வந்து உட்கார்ந்தது? உன் அம்மாவிடமிருந்து ஒரு சின்னக் கைத்திறமை உனக்கு வந்திருக்கலாம், ஒரு பட்டன் வைக்கத் தெரிந்திருக்கலாம். போயும் போயும் என் வாய் வந்திருக்கிறது. உன்னைத் திட்ட எனக்கு என்ன உரிமை என்று நாலு நாள் யோசித்தேன். உரிமை இல்லாவிட்டாலும் அனுபவம் இருக்கிறது. நீ சொன்னது சின்னப் பொய்கூட இல்லை என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ‘எனக்குப் பிடிக்கவில்லை, அவள் அதை எடுத்துச் செய்தால் வீட்டில் சிரமம்’ என்று உன் பெயரில் சொல். அவள் சண்டை போடட்டும், பானையை உருட்டட்டும், ஜெயிக்கட்டும், தோற்கட்டும். அவள் பெயரில் நீ பேசாதே. அதோடு, அவள் வரைந்தது நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லு. பாரம் கனமாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளிக்காதே.

இதைப் படித்து முடித்ததும் சுபாவிடம் கொடு. அவள் தமிழ் வாசிக்க நேரமாகும், பக்கத்தில் நின்று சுருக்கிச் சொல்லாதே, அவளே வாசிக்கட்டும். படித்துவிட்டு என்ன சொன்னாள் என்றும் நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது. வருகிற ஞாயிறு அவளைத்தான் கூப்பிடுவேன். நீ எடுக்காதே.

அப்பா